ஆயில் பிரஷர் இறங்க இறங்க மேலே ஏறிய முள்: பழைய லாரிக்கு மீட்டர் பொருத்தி ஏமாந்த கதை

பழைய டீசல் லாரி வைத்திருப்பவர்கள் கூடுதல் மீட்டர்கள் பொருத்தக் கடைக்குப் போவதற்கு முன் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் லாரியில் புதிதாகப் பொருத்திய ஆயில் பிரஷர் மீட்டர், என்ஜினிலிருந்து ஆயில் தரையில் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஏறக்குறைய முழு அளவைக் காட்டியபடி நின்றது. சுமையோடு நிறுத்தத்துக்கு வந்து என்ஜின் ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருந்தபோது கீழே மெல்லிய ‘கடகட’ சத்தம் கேட்டது. முள்ளைப் பார்த்தேன், திருப்தியாக இருந்தது. பிறகு மீண்டும் சத்தத்தைக் கேட்டேன், உடனே என்ஜினை அணைத்தேன். அந்தச் சில நொடிகள் முள்ளை நம்பி உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

முதலில் ஏன் மீட்டர் வாங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும். என் லாரியில் இருப்பது கணினிக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத, மெக்கானிக்கல் பம்ப் கொண்ட டர்போ டீசல் என்ஜின். பம்பைப் பழுதுபார்த்தபோது டீசல் அளவைச் சற்றுக் கூட்டி வைத்தார்கள். இத்தகைய என்ஜினில் வெப்பம் எல்லை மீறினாலும் டீசலைக் குறைக்க ஆக்சிலரேட்டரில் இருக்கும் ஓட்டுநரின் காலைத் தவிர வேறு ஏற்பாடு கிடையாது. ஆகவே புகைவாயு வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டர், டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர், ஆயில் பிரஷர் மீட்டர் ஆகிய மூன்றும் வேண்டும் என்று முடிவு செய்தேன். மீட்டர் விற்று, பொருத்தியும் கொடுக்கும் ஒரு கடைக்காரர் நான்காவதாக, என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டரையும் சேர்த்து ஒரே செட்டாக என் தலையில் கட்டினார். நான்கும் ஒரே அளவு, ஒரே வெள்ளை முகம், இரவில் ஒரே நீல வெளிச்சம். பார்க்க அழகாகத்தான் இருந்தன.

அவர் செய்த முதல் தவறு ஆயில் பிரஷர் சென்சாரில். இந்த மின்சார மீட்டர்கள் அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. என்ஜினில் இருக்கும் சென்சாரின் மின்தடை மாறுவதைத்தான் அளக்கின்றன. ஐரோப்பிய வகைச் சென்சார்களில் பலவற்றில் அழுத்தம் இல்லாதபோது 10 ஓம், முழு அழுத்தத்தில் ஏறத்தாழ 180 ஓம் இருக்கும். அமெரிக்க வகையில் இது தலைகீழ்: அழுத்தம் இல்லாதபோது 240 ஓம், முழு அழுத்தத்தில் 33 ஓம். கடைக்காரர் அமெரிக்க வகை மீட்டருக்கு, கையில் கிடைத்த ஐரோப்பிய வகைச் சென்சாரைப் பொருத்திவிட்டார். விளைவு என்னவென்றால், சாலையில் நான்கு பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும்போது முள் நடுவே நிற்கும், பார்ப்பவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. சூடான என்ஜின் ஐட்லிங்கில் ஓடி அழுத்தம் குறையும்போதோ முள் மேலே ஏறும். அழுத்தம் முற்றிலும் போய்விட்டால் கடைசிக் கோட்டையும் தாண்டிப் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

இதை நான் முதல் நாளே கவனித்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரின் சுவிட்சை மட்டும் போட்டால் முள் வலது ஓரத்துக்குத் தாவியது. கேட்டதற்கு, “புது மீட்டர் சார், ஓட ஓடச் செட் ஆகிவிடும்” என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இரண்டாவது தவறு இதைவிட மோசமானது. சென்சாருக்கு இடம் வேண்டும் என்பதற்காக, கம்பெனி பொருத்தியிருந்த ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் ஒரு பித்தளை அடாப்டரைப் போட்டுச் சென்சாரை மாட்டியிருந்தார். சுவிட்சுக்குப் போகும் கம்பியில் டேப் சுற்றி ஓரமாகக் கட்டி வைத்திருந்தார். அதனால் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிவதற்கு வழியே இல்லாமல் போனது. அடாப்டரின் மரையும் சென்சாரின் மரையும் வேறு வேறு. எட்டில் ஒரு அங்குலக் குழாய் மரையில் அமெரிக்க அளவுக்கு அங்குலத்துக்கு 27 சுற்று, பிரிட்டிஷ் அளவுக்கு 28 சுற்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், முதல் சில சுற்றுகள் ஏறவும் செய்யும். அதற்குமேல் ஸ்பேனரால் பலவந்தமாக முறுக்கி, டெஃப்ளான் டேப் சுற்றிக் கசிவை மறைத்திருக்கிறார். டீசல் என்ஜினின் அதிர்வில், கனமான சென்சாரைத் தாங்கிக்கொண்டிருந்த அந்தப் பித்தளை அடாப்டர் மூன்றே மாதங்களில் விரிசல் விட்டது. ஆயில் கொட்டியது அங்கிருந்துதான். ஆயில் தொட்டியைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டு கனெக்டிங் ராடு பேரிங்குகளில் கீறல் விழுந்திருந்தது. ராடு பேரிங்குகளை முழு செட்டாக மாற்ற வேண்டியதாயிற்று. சென்சாரை என்ஜின் மேலேயே தொங்கவிடாமல், வளையும் ஹோஸ் வழியாக வெளியே கொண்டுவந்து பாடியில் பொருத்தி, அதற்குத் தனியாக எர்த் கம்பியும் கொடுத்து, பழைய சுவிட்சையும் ‘டீ’ வடிவ இணைப்பு போட்டு உயிரோடு வைத்திருக்கலாம். இதற்கு ஒரு மணி நேர வேலைகூடக் கூடுதலாக ஆகியிருக்காது.

பேரிங் மாற்றிய மெக்கானிக் பொறுமையானவர். அவரிடமே மற்ற மீட்டர்களையும் பார்க்கச் சொன்னேன். பைரோமீட்டரின் சென்சார் டர்போவுக்குப் பின்னால் சைலன்சர் குழாயில் இருந்தது. சிலிண்டர்களிலிருந்து டர்போவுக்குப் புகைவாயுவைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டில் துளை போட்டால் இரும்புத் துருவல் டர்போவுக்குள் போய்விடும் என்று கடைக்காரர் முன்பு சொன்ன காரணத்தில் பாதி உண்மை உண்டு. ஆனால் டர்போவில் வேலை செய்து வெளியேறும் வாயு ஏற்கனவே குளிர்ந்துவிடுகிறது; அது எவ்வளவு குளிர்கிறது என்பதும் சுமைக்கு ஏற்ப மாறும். என்ஜினை அணைக்கும் முன் டர்போ ஆறிவிட்டதா என்று பார்க்க அந்த இடம் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு, அது அவர்கள் விருப்பம். பிஸ்டனைக் காப்பாற்ற நினைப்பவருக்கு மேனிஃபோல்டில், டர்போவுக்கு முன்னால், சிலிண்டர்களின் வாயு ஒன்று சேரும் இடத்தில் எடுக்கும் அளவுதான் உதவும்.

போதாக்குறைக்குச் சென்சாரின் கம்பி நீளம் போதவில்லை என்று கடைக்காரர் அதை நடுவில் வெட்டிச் சாதாரணச் செம்புக் கம்பியை முறுக்கி நீட்டியிருந்தார். பைரோமீட்டரின் சென்சாராக இருக்கும் கே வகைத் தெர்மோகப்பிள் 100 டிகிரி வித்தியாசத்துக்கு வெறும் நான்கு மில்லிவோல்ட் அளவுதான் தரும். அதன் இரண்டு கம்பிகளும் வெவ்வேறு உலோகக் கலவைகள். மீட்டர் வரை அதே வகைக் கம்பிதான் போக வேண்டும். நடுவில் செம்பு வந்துவிட்டால், இணைப்பு இருக்கும் என்ஜின் அறைக்கும் மீட்டர் இருக்கும் கேபினுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் அளவிலிருந்து கழிந்துவிடும். என்ஜின் அறை 80 டிகிரி, கேபின் 30 டிகிரி என்றால் மீட்டர் 50 டிகிரி குறைத்துக் காட்டும். (அந்தக் கம்பியில், அமெரிக்க வண்ண முறைப்படி, சிவப்புதான் எதிர்முனை, மஞ்சள் நேர்முனை. எல்லோரும் தவறும் அந்த இடத்தில் மட்டும் கடைக்காரர் தவறவில்லை.)

மெக்கானிக் டர்போவைக் கழற்றி, டிரில்லிலும் மரை வெட்டும் கருவியிலும் கிரீஸ் தடவித் துளையிட்டு மரை வெட்டி, மிச்சத் துருவலைக் காந்தத்தால் எடுத்தார். வார்ப்பிரும்பு காந்தத்தில் ஒட்டும் என்பதால் அது எளிதாகவே முடிந்தது. அதன் பிறகு அதே ஏற்றத்தில், அதே சுமையோடு, அதே மூன்றாவது கியரில் ஏறினேன். முன்பு 480 டிகிரி செல்சியஸ் காட்டிய இடத்தில் இப்போது 690 காட்டியது. இத்தகைய என்ஜின்களில் டர்போவுக்கு முன்னால் 700 டிகிரியைத் தொடர்ந்து தாண்டக் கூடாது என்பது பலர் வைத்துக்கொள்ளும் எல்லை. இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்று நினைத்து மூன்று மாதங்களாக ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆர்பிஎம் மீட்டர் முதல் நாளிலிருந்தே அசையவில்லை. அது பெட்ரோல் வண்டியின் இக்னிஷன் காயிலிலிருந்து துடிப்பை எடுக்கும் வகை. டீசலில் காயில் எங்கிருந்து வரும்? டீசலுக்கென்றால் ஆல்டர்னேட்டரின் ‘டபிள்யூ’ முனையிலிருந்தோ ஃப்ளைவீல் பக்கத்துச் சென்சாரிலிருந்தோ எடுக்கும் வகையை வாங்க வேண்டும். பூஸ்ட் மீட்டர் சரியாக வேலை செய்கிறது; ஆனால் அதன் முகத்தில் பாதி வெற்றிட அளவுக்குப் போய்விட்டது. உள்ளே போகும் காற்றைத் தடுக்கும் த்ராட்டில் இல்லாத இந்த டீசலில் அந்தப் பாதிக்குள் முள் போகவே போவதில்லை.

மின்சாரம் எடுத்த விதம் தனிக் கதை. என் லாரி 24 வோல்ட், மீட்டர்கள் 12 வோல்ட். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும், ஃபியூஸ்கூட இல்லாமல், டேஷ்போர்டுக்குக் கீழே தனியாக ஒரு சுவிட்ச் வைத்துக் கம்பி இழுத்திருந்தார். அப்படி எடுத்தால் ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும், மற்றொன்று தேவைக்கு மேல் சார்ஜ் ஆகும். இப்போது 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வழியாக, ஃபியூஸோடு ஓடுகிறது.

பழுதடைந்த அடாப்டரையும் வெட்டி ஒட்டிய கம்பியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மின்சாரப் பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். பில்லை நீட்டினேன், அதில் “மீட்டர் செட், ஃபிட்டிங்” என்று மூன்றே சொற்கள். எந்த ஓம் சென்சார், எத்தனை வோல்ட், டீசலுக்கா பெட்ரோலுக்கா என்று எதுவும் எழுதப்படாததால் நான் வாதாட ஒன்றும் மிச்சமில்லை. நீங்கள் வாங்கும்போது இவை அனைத்தையும் பில்லில் எழுதி வாங்குங்கள். மீட்டரும் சென்சாரும் ஒரே பெட்டியில் வந்தவையா என்று பாருங்கள். பணம் கொடுக்கும் முன் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, மீட்டருக்கும் மின்சாரம் கொடுங்கள். ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்தில் இருக்க வேண்டும், பழைய சிவப்பு விளக்கு எரிய வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வண்டியை அங்கிருந்து எடுக்காதீர்கள்.