தோழமையும் துணைநிலையும்

கத்தோலிக்கச் சமூகப் போதனையில் அடிக்கடி அருகருகே வரும் இரு கொள்கைகள் இவை. தோழமை புரிந்துகொள்ள எளிது: அடுத்தவரின் துன்பத்தில் நமக்கும் பொறுப்பு உண்டு. இதை மேலோட்டமான இரக்கத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, பொதுநலனுக்காக உழைக்கும் மனவுறுதி இது என்று 1987இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமது சுற்றுமடலில் விளக்கினார்.

துணைநிலையைத்தான் பலரும் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். 1931இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் இதற்குத் தெளிவான வடிவம் கொடுத்தார்: சிறிய அமைப்பு தானே செய்துகொள்ளக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி. அரசை ஒதுங்கி நிற்கச் சொல்லும் கொள்கை என்று இதைச் சிலர் எடுத்துக்காட்டுவதுண்டு. பாதியை மட்டும் படித்தவர்கள். சிறியது தடுமாறும்போது பெரியது கைகொடுத்தே ஆக வேண்டும் என்பதும் அதே கொள்கைதான்.

படுத்த படுக்கையாகிவிட்ட தாயை மகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அவள் தனியாகத் திண்டாடுவதைக் கண்டும் காணாமல் போகலாமா என்று தோழமை கேட்கும். உதவி என்ற பெயரில் தாயை அவளிடமிருந்து பிரித்து விடுதியில் சேர்க்கலாமா என்று துணைநிலை கேட்கும். வீட்டுக்கே வந்து போகும் செவிலியர், மருந்துச் செலவுக்கு ஒரு தொகை, அவள் சற்றுத் தூங்கி எழ மாற்று ஆள்: இவை இரண்டு கேள்விகளுக்கும் பதிலாகும். முடிவெடுப்பவர்கள் தாயும் மகளுமே.

தோழமை இல்லாத துணைநிலை தன்னலமாகச் சுருங்கும், துணைநிலை இல்லாத தோழமை உதவி பெறுபவரைச் சிறுமைப்படுத்தும் என்று 2009இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் எச்சரித்தார். இரண்டாவதே அதிக ஆபத்து என்பேன். நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதால் அதை யாரும் தட்டிக்கேட்பதில்லை.