தோள்மூட்டு விலகலுக்கு உடனே பிளேட் வைக்கச் சொன்னால்: பெங்களூருவில் எனக்கு நேர்ந்தது

அல்சூர் ஏரிக்கரைச் சாலையில், மழை நாளொன்றில் ஸ்கூட்டர் வழுக்கி, வலது தோள் தரையில் மோத விழுந்தேன். அருகிலிருந்த தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், "காறை எலும்பு (காலர் போன்) கழன்று மேலே ஏறிவிட்டது, காலையில் பிளேட் வைக்காவிட்டால் கையைத் தூக்கவே வராது" என்றார். காப்பீட்டு அட்டையை அதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

எனக்கு நேர்ந்தது ஏ.சி. (அக்ரோமியோகிளாவிகுலர்) மூட்டு விலகல், காறை எலும்பின் வெளிநுனியைத் தோள்பட்டை எலும்போடு பிணைக்கும் நார்கள் கிழிவதால் வருவது. காயத்தின் கடுமையைப் பிரித்துக் காட்டும் ராக்வுட் வகைப்பாட்டின்படி இது ஆறு வகைப்படும். முதல் இரண்டு வகைகளுக்குக் கையைத் தாங்கும் ஸ்லிங்கும் பிசியோதெரபியும் போதும். நான்கு முதல் ஆறு வரையிலானவற்றுக்குப் பொதுவாக அறுவைச் சிகிச்சை தேவைப்படும். இடையிலுள்ள மூன்றாம் வகையில்தான் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பலருக்கு அறுவை இல்லாமலே, எலும்பு சற்றுப் புடைத்து நின்றாலும், கை நன்றாக இயங்குகிறது. இதில் ஒரு சொல்லும் அன்று என் காதில் விழவில்லை.

எனக்கு வைத்தது ஹூக் பிளேட், அதாவது கொக்கியுள்ள உலோகத் தகடு. அதன் கொக்கி தோள்முகட்டு எலும்பின் அடியில் செருகி நிற்பதால், கொடியில் துணி உலர்த்தக் கையை உயர்த்தும்போதெல்லாம் உள்ளே ஏதோ உரசும். நாளடைவில் அது எலும்பை அரிக்கக்கூடும் என்பதால், சில மாதங்களில் இன்னோர் அறுவையின் மூலம் அதை எடுத்துவிடுவதே வழக்கமாம். இதைத் தையல் பிரிக்கும் நாளில்தான், மறுபடி எப்போது வருகிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டபடி சொன்னார்கள். முன்பே தெரிந்திருந்தால் வேறொரு மருத்துவரிடம் படத்தைக் காட்டியிருப்பேன். புதுக்காயமானாலும், இரண்டொரு நாள் தாமதத்தால் பெரும்பாலும் கெட்டுவிடாத காயம் இது.

மாற்றுச் சிகிச்சைகளையும் விளக்கியே ஒப்புதல் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இலேயே கூறியிருக்கிறது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. எழுத்து மூலம் கேட்டு வாங்கினேன். எக்ஸ்ரே அறிக்கையில் "மூன்றாம் வகை" என்று தெளிவாக எழுதியிருந்தது. ஒப்புதல் படிவத்தில் மாற்றுச் சிகிச்சைக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே, வலது கைக்குக் கட்டுப் போட்டிருந்ததால் இடது கையால் நான் கிறுக்கிய கையெழுத்து.