எபாக்சி, பாலிஷ் என்று தரையைக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய கான்கிரீட் தரையை மெஷின் போட்டு அரைத்து, பிரைமர் (பிடிப்புக்கான அடிப்பூச்சு) அடித்து, 300 மைக்ரான், அதாவது 0.3 மி.மீ. தடிமனில் எபாக்சி என்ற பிசின் பூச்சு போடுவதாகப் பேச்சு. நடந்ததோ ஆசிட் ஊற்றிக் கழுவியதும், ரோலரில் இரண்டு கோட் அடித்ததும்தான். கார் நிற்கும் இடத்தில் தகடு தகடாக உரிந்துவிட்டது. "டயர் சூட்டுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார் கான்ட்ராக்டர். சூடான டயர் கோட்டிங்கை இளக்கும், உண்மைதான். ஆனால் தரையைச் சரியாகப் பிடித்திருந்தால் அவ்வளவு லேசில் பெயர்ந்து வராது.

உரிந்த சில்லைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சாம்பல் மாவு ஒட்டியிருந்தால், கான்கிரீட்டின் மேலே படிந்த வலுவில்லாத சிமென்ட் பால் அரைபடவே இல்லை. கொப்புளத்தைக் குத்தினால் நீர் வருகிறதா? ஈரத்தைச் சோதிக்காமல் அடித்திருக்கிறார்கள். 45 செ.மீ. சதுர பாலித்தீன் ஷீட்டை நாலு ஓரமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டாலே போதும். அடியில் நீர் பூத்தாலோ தரை கறுத்தாலோ கோட்டிங் கூடாது. காய்ந்திருந்தாலும் முழு நிச்சயம் இல்லை. துளையிட்டு உள் ஈரப்பதம் அளப்பதே நம்பகமானது.

அளவில்தான் பெரிய ஏமாற்று. 300 மைக்ரானுக்குச் சதுர மீட்டருக்கு 0.3 லிட்டர். 50 சதுர மீட்டருக்கு 15 லிட்டர், அதுவும் முழுக்கத் திடமாக நிற்கும் எபாக்சி என்றால். பாதி ஆவியாகிப் போகும் ரகம் என்றால் 30 லிட்டர். 8 லிட்டரோடு வந்து நிற்பவரிடம் அங்கேயே கணக்குக் கேளுங்கள். பிரைமர் இதில் சேராது.

'பாலிஷ்' என்ற பெயரில் அக்ரிலிக் சீலர் பூசுவதும் நடக்கிறது. மூலையில் அசிட்டோன் நனைத்த பஞ்சைத் தேயுங்கள். பிசுபிசுத்துப் பளபளப்புப் போனால் அது மேல்பூச்சு. உண்மையான பாலிஷில் வைரத்துகள் பதித்த உலோக அரைப்பான்களில் (மெட்டல் டயமண்ட்) தொடங்கி, தரையை இறுக்கும் சிலிக்கேட் திரவம் ஊற்றி, பிறகு ரெசின் (பிசின்) பேடில் 200, 400, 800 என்று நைசான எண்களுக்கு ஏற வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் வட்டக் கீறல்கள் நிற்கும். டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

எபாக்சி என்றால், அரைத்து முடித்ததும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் எண்ணெயோ பழைய சீலரோ இன்னும் இருக்கிறது. மறுபடி அரைக்கச் சொல்லுங்கள். உறிஞ்சிக்கொண்டு, காய்ந்தபின் தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரத்தால்தான் பிரைமர் டப்பாவைத் திறக்க விடுங்கள்.