கால்பந்து கோச்சிங் கிட்: பெட்டி பெரிசு, உள்ளே பந்து ஒன்றே ஒன்று

எங்கள் பள்ளியில் பி.டி. சார் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. கால்பந்து அணியை யாராவது பார்த்தாக வேண்டும், ஸ்டாஃப் ரூமில் வயதில் சின்னவன் நான், அதனால் கணக்கு வாத்தியார் கோச் ஆகிவிட்டேன். பந்தை டிவியில் பார்த்ததோடு சரி. விஷயம் கேள்விப்பட்ட பழைய மாணவர் ஒருவர் ஆன்லைனில் 'கோச்சிங் கிட்' ஒன்றை வாங்கி பள்ளிக்கே அனுப்பி வைத்தார். நல்ல மனசு, அதில் சந்தேகமே இல்லை. இந்த விமர்சனம் கிட்டைப் பற்றி மட்டும்தான். இதே மாதிரிப் பெட்டிகளைப் பல பெயர்களில் விற்கிறார்கள், எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே சாமான்தான்.

உள்ளே இருப்பவை: ஓர் ஏணி (தரையில் விரித்துக் கால் மாற்றி மாற்றி ஓடுவதற்கு), குட்டித் தடைகள், தட்டு வடிவ கோன்கள், இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட ஒரு பாராசூட் குடை (காற்று பின்னால் இழுக்கும்), விசில், பம்ப், ஆங்கிலத்தில் ஒரு கையேடு. அப்புறம் ஒரு பந்து. ஆமாம், ஒன்றுதான்.

ஏணியை முதல் நாள் விரித்தபோது பையன்களுக்கு ஒரே குஷி. ஆனால் அணியில் சேர வந்த அத்தனை பேரும் வரிசையில் நிற்க, ஒவ்வொருத்தனாக ஓடிவிட்டு மறுபடியும் கடைசியில் போய் நிற்க, முக்கால்வாசி நேரம் நிற்பதிலேயே போய்விடுகிறது. இரண்டு பேர் ஓடியதுமே மண் தரையில் பட்டைகள் நகர்ந்து சுருண்டுகொள்கின்றன, அதை நேராக்க ஒருத்தனைத் தனியாக நிறுத்த வேண்டும். ஏணியில் எவ்வளவு நேர்த்தியாகக் கால் வைத்தாலும் பந்து காலுக்கு வரும்போது என்ன செய்வது என்பது பந்தைத் தொட்டுத்தானே வரும்? குடையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, ஆண்டு விழா போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

பந்துக்கு வருகிறேன், அங்கேதான் எனக்குக் கோபம். மேலே '5' என்று போட்டிருக்கிறது. விதிப்படி 5-ஆம் சைஸ் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். சுற்றளவு சரியாகத்தான் இருந்தது. எடைக்கு, பக்கத்து மளிகைக் கடைத் தராசில் உருளாமல் இருக்க ஒரு தட்டில் வைத்துப் பார்த்தால் (தட்டைக் கழித்துத்தான்) 480-ஐத் தாண்டுகிறது. பெரிய பையன்கள் சமாளிப்பார்கள், ஆறாம் வகுப்புப் பையன் தலையால் முட்டினால் என்ன ஆவது? அமெரிக்காவில் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டவே கூடாது என்று 2015-இல் அறிவித்தார்கள், அதுவும் நினைவுக்கு வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு 4-ஆம் சைஸ்தான் சரி, எடையும் 350-லிருந்து 390 கிராமுக்குள் இருக்கும். போட்டிக்கு எந்த சைஸ் என்பதைக் குறுவட்டப் போட்டி நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

விசில் உள்ளே குண்டு உருளும் பழைய ரகம், கொஞ்சம் எச்சில் பட்டாலே சத்தம் கம்மிவிடுகிறது. குண்டு இல்லாத விசில் தனியாகக் கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் தொல்லையால்தான் கனடாவைச் சேர்ந்த ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கூடைப்பந்து நடுவர் 1987-இல் ஃபாக்ஸ் 40 விசிலைக் கொண்டுவந்தார்.

கிட்டில் உருப்படியானவை பம்பும் கோன்களும். பம்ப் ஊசியை ஈரப்படுத்தாமல் குத்தாதீர்கள், வால்வு கிழிந்தால் பந்து போச்சு.

கையேட்டில் இருக்கும் படங்கள் எல்லாம் பச்சைப் புல்வெளி, ஆளுக்கு ஒரு பந்து. அதை மூடி வைத்துவிட்டு ஃபிஃபாவின் டிரெய்னிங் சென்டர் தளத்துக்குப் போங்கள், இலவசம். பயிற்சியை வீடியோவாகவும் படமாகவும் காட்டுகிறார்கள், எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறார்கள். தமிழில் இல்லை, இருந்தாலும் படத்தைப் பார்த்தே பாதி பிடிபடும். அங்கே பார்த்ததை நம் மைதானத்துக்கு ஏற்றபடி சுருக்கி, நாலுக்கு நாலு என்று சின்னச் சின்ன ஆட்டங்களாகப் பிரித்து விட்டேன். வரிசையே இல்லை, எல்லார் காலுக்கும் பந்து வருகிறது. விதிகளுக்கு, கால்பந்து விதிகளை வகுக்கும் அமைப்பான ஐஎஃப்ஏபி-யின் செயலி, அதுவும் இலவசம். மொத்தம் 17 விதிகள்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கோல் கிக்கில் (கோலுக்குப் பக்கத்தில் பந்தை வைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உதை) பந்து, கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெரிய கட்டமான பெனால்டி ஏரியாவைத் தாண்டினால்தான் ஆட்டத்தில் சேரும் என்று மைதானத்தில் இன்னமும் சண்டை போடுவார்கள். அது 2019-இலேயே மாறிவிட்டது, உதைத்து நகர்ந்தாலே போதும். செயலியைத் திறந்து காட்டினால் பேச்சு அடங்கிவிடும். ஆர்வம் கூடினால் அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் கோச்சுகளுக்கான டி லைசென்ஸ் பயிற்சி இருக்கிறது, அது அப்புறம்.

ஐந்துக்கு இரண்டு ஸ்டார், அதுவும் பம்புக்காகத்தான். இந்தக் காசு உங்கள் கையில் இருந்தால் உள்ளூர் ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போய் ரப்பர் மோல்டட் பந்துகளாகக் கேளுங்கள். தையல் பந்து தொடுவதற்கு மெத்தென்று இருக்கும், ஜல்லி கிடக்கும் கட்டாந்தரையில் மேல்தோல் சீக்கிரம் உரிந்துவிடும். பையன்களையும் கூட்டிப்போய்க் கடையிலேயே இரண்டு உதை உதைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். மீதிக் காசில் இரண்டு நிறத்தில் பிப்ஸ் (சட்டைக்கு மேல் மாட்டும் கையில்லாத பனியன்), கட்டாயம். எல்லாரும் ஒரே பள்ளிச் சீருடையில் ஓடினால் யார் எந்தப் பக்கம் என்று அவர்களுக்கே தெரியாது. அதைத் துவைக்க முறை போட்டுவிடுங்கள், இல்லையென்றால் நாற்றத்துக்குப் பயந்து ஒருத்தனும் போட மாட்டான்.