மூன்று அண்டாக்கள், ஒரு ராஸ்பெரி பை: தானியங்கியாக்கிய பியர் ஸ்டாண்டு பற்றிய மதிப்பீடு

ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரப் புறப்பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் ஆறு ஆண்டுகளாக பியர் காய்ச்சி வருகிறேன். முதல் நான்கு ஆண்டுகள், யாரோ பயன்படுத்திவிட்டு 150 டாலருக்கு விற்ற மூன்றடுக்கு இரும்பு ஸ்டாண்டில், எரிவாயு அடுப்பு மூட்டி, கையில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு வேலை நடந்தது. பிறகு அந்த ஸ்டாண்டை அறுத்து ஒரே மட்டத்துக்கு இறக்கி, எரிவாயுவை நீக்கி மின்சூடேற்றிகளைப் பொருத்தி, ராஸ்பெரி பை என்னும் கையகலக் கணினியில் ஓடும் கிராஃப்ட்பியர்பை மென்பொருளிடம் கட்டுப்பாட்டை ஒப்படைத்தேன். இந்த இரண்டு ஆண்டுகளில் முப்பது முறைக்கு மேல் காய்ச்சிப் பார்த்துவிட்டதால், எந்த மாற்றம் போட்ட காசுக்குத் தகுந்தது, எது வீண் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அமெரிக்காவில் இது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள வீட்டில் 200 காலன் வரை, விற்பனைக்காக இல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்கு, கூட்டாட்சி வரியின்றிக் காய்ச்சிக்கொள்ளலாம். மாநிலச் சட்டங்கள் தனி. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் இதற்கு இடம் கொடுத்தன. தமிழ்நாட்டிலோ 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் உரிமமில்லாமல் மது தயாரிப்பதைத் தடை செய்கிறது. ஆகவே 'ஊறல்' என்ற சொல்லைச் சாராய வழக்குச் செய்திகளில் மட்டுமே படித்திருக்கும் ஊர் நண்பர்கள், கீழே வருவதை வெப்பக் கட்டுப்பாடு பற்றிய கட்டுரையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேலை இதுதான். முளைகட்டி உலர்த்திய பார்லியைக் குருணையாக உடைத்து, ஏறத்தாழ 66 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் நீரில் ஊற வைத்தால், தானியத்தில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அந்த இனிப்பு நீரை, அதாவது வோர்ட்டை, வடித்தெடுத்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட் இட வேண்டும். இதற்கு வெந்நீருக்கு ஒன்று, ஊறலுக்கு ஒன்று, கொதிக்க வைக்க ஒன்று என மூன்று அண்டாக்கள் தேவை. என்னுடையவை ஒவ்வொன்றும் 57 லிட்டர் கொள்ளும். ஒரு தடவைக்கு 38 லிட்டர் பியர் கிடைக்கும். மூன்றடுக்கு ஸ்டாண்டின் தத்துவம் எளியது: வெந்நீர் உச்சியில், ஊறல் நடுவில், கொதி அண்டா அடியில், மற்றதைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். பம்பு தேவையில்லை, பழுதாக எதுவுமில்லை. ஆனால் 45 லிட்டர் வெந்நீர் தலை உயரத்தில் நிற்கும், அதன் வால்வைக் கையை உயர்த்தித்தான் திறக்க வேண்டும். எங்கள் பையன் கொட்டகைக்குள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட அன்று, இந்த ஸ்டாண்டு இப்படியே இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

வெட்டி இறக்கும் வேலையை ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்தேன். வாங்கும்போதே ஸ்டாண்டின் இரண்டு பற்றவைப்புகள் மேலோட்டமாகத்தான் இருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. மூன்று அண்டாக்களும் நிறைந்தால் 150 கிலோவைத் தாண்டும் சுமையை அவை நான்கு ஆண்டுகள் தாங்கியது என் நல்ல நேரம். பழைய ஸ்டாண்டு வாங்குவோர் பெயின்டைப் பார்க்காமல் மூலைகளைப் பார்க்க வேண்டும். அடியில் பூட்டு வைத்த சக்கரங்கள் நான்கும், பம்புகளை ஏற்றி வைக்க ஒரு குறுக்குச் சட்டமும் சேர்த்ததோடு இரும்பு வேலை முடிந்தது.

ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் பம்பு தவிர்க்க முடியாதது. இல்லினாய் மாநிலத்து மார்ச் நிறுவனத்தின் காந்த இயக்கப் பம்புகள் இரண்டை வாங்கினேன். மோட்டாரின் தண்டு திரவத்தைத் தொடுவதே இல்லை, காந்தத்தின் வழியாகவே விசிறி சுழல்கிறது என்பதால் கசிவுக்கு வழி மிகக் குறைவு; கொதிக்கும் வோர்ட்டையும் சலனமின்றித் தள்ளுகிறது. இது தானாக நீரை உறிஞ்சிக்கொள்ளாது. முதலில் நிரப்பிக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஓட்டத்தைக் குறைக்க விரும்பினால் வெளிவாயில் பக்கத்து வால்வைத்தான் திருக வேண்டும், உள்வாயிலை நெருக்கினால் உள்ளே குமிழி கட்டி ஓட்டம் நின்றுவிடும். இந்த இரண்டையும் பழகிக்கொண்டால் குறை சொல்ல எதுவுமில்லை.

மின்சாரத்துக்கு வருவோம். சாதாரணச் சுவர்ப் பிளக்கிலிருந்து 1500 வாட்டுக்கு மேல் நெடுநேரம் இழுப்பது நல்லதல்ல. அந்தத் திறனில் 45 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குக் கொண்டுவர இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும் என்று கணக்குப் போட்டதும், துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் போடுவதைப் போன்ற 240 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். இப்போது 5500 வாட் சூடேற்றி அதே வேலையைக் கணக்குப்படி 34 நிமிடத்திலும், நடைமுறையில் 40 நிமிடத்துக்குள்ளும் முடிக்கிறது. இதை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம்தான் கொடுக்க வேண்டும். அவருக்குக் கொடுத்த 600 டாலர்தான் இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய ஒற்றைச் செலவு. மிக நல்ல செலவும் அதுவே. ஈரத் தரையில் நின்றுகொண்டு நீருக்குள் 240 வோல்ட்டை இறக்கும் இடத்தில், 5 மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர் இல்லாமல் யாரும் தொடங்கக்கூடாது.

சூடேற்றியை இயக்குவது சாலிட் ஸ்டேட் ரிலே என்னும் மின்னணு சுவிட்ச். இது சத்தமின்றி நொடிக்குப் பலமுறை கூட இணைத்துத் துண்டிக்க வல்லது. ஆனால் பழுதாகும்போது பெரும்பாலும் 'அணைந்த' நிலையில் நிற்காமல் 'எரியும்' நிலையிலேயே ஒட்டிக்கொள்கிறது. இதே போல, கணினி உறைந்துபோனால் அதன் வெளியீட்டு முனை கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அதிலேயே நின்றுவிடும். ஆகவே மென்பொருள் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், அதற்கு முன்னால் மின்சாரத்தை மொத்தமாகத் துண்டிக்கும் கான்டாக்டர் என்னும் பெரிய சுவிட்ச் ஒன்றையும், கையால் குத்தி நிறுத்தும் சிவப்புப் பொத்தானையும் வைப்பது கட்டாயம் என்று கருதுகிறேன். வெந்நீர் அண்டாவிலும் கொதி அண்டாவிலும் உள்ள இரண்டு சூடேற்றிகளும் ஒன்றாக எரிந்தால் 46 ஆம்பியர் ஆகும், இணைப்போ 30 ஆம்பியர்தான். அதனால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் என்ற கட்டுப்பாட்டையும் மென்பொருளிடம் விடாமல், மூன்று நிலைத் திருகு சுவிட்ச் ஒன்றிடம் விட்டிருக்கிறேன்.

இனி, இந்த இரண்டு ஆண்டுகளில் நான் உண்மையாகவே கற்றுக்கொண்ட ஒன்று. எந்தக் கட்டுப்பாட்டுக் கருவி, எந்த மென்பொருள் என்று மூன்று மாதம் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். பியரின் தரத்தை மாற்றியதோ வெப்ப உணரியை எந்த இடத்தில் செருகினேன் என்பதுதான். என் ஸ்டாண்டில் ஊறலுக்கு நேரடிச் சூடு கிடையாது. ஊறல் அண்டாவின் அடியிலிருந்து பம்பு இழுக்கும் வோர்ட், வெந்நீர் அண்டாவுக்குள் சுருண்டு கிடக்கும் எஃகுக் குழாய் வழியாகப் போய்ச் சூடேறி, மீண்டும் ஊறலின் மேற்பரப்பில் வந்து விழுகிறது. ஹெர்ம்ஸ் என்று சுருக்கிச் சொல்லப்படும் ஏற்பாடு இது. ஊறலின் சூடுதானே முக்கியம் என்று நினைத்து, முதலில் உணரியை ஊறலின் நடுவில் செருகினேன். திரை 65, 66 என்று அழகாகக் காட்டியது. ஆனால், சர்க்கரை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைக் காட்டும் அடர்த்தி (வெறும் நீருக்கு 1.000) 1.010 வரை இறங்க வேண்டியது 1.018இலேயே நின்று, பியர் பாகு குடித்தது போல் இருந்தது. அடுத்தடுத்து இரண்டு முறை இதே கதைதான். ஈஸ்ட்டைக் குறை சொன்னேன், முளைகட்டிய பார்லி விற்ற கடையை மனதுக்குள் திட்டினேன்.

காரணம் வேறு. பத்துக் கிலோ தானியம் சேர்ந்த கனத்த ஊறலின் நடுப்பகுதி சூடேற நெடுநேரமாகும். அது இன்னும் 63 என்று காட்டிக்கொண்டிருக்கும்வரை கட்டுப்பாடு வெந்நீர் அண்டாவைக் கொளுத்திக்கொண்டே இருந்தது. அண்டா 80 டிகிரியைத் தொட்டிருந்தது; சுருள் குழாயிலிருந்து வெளியேறிய வோர்ட் 77 டிகிரி. நிமிடத்துக்கு நான்கு லிட்டர் ஓடுகிறது, ஊறலில் உள்ள திரவம் முப்பது லிட்டர்தான் என்றால், எட்டு நிமிடத்துக்குள் ஏறக்குறைய எல்லாமே அந்தச் சூட்டைக் கடந்துவிடுகிறது. நொதிகள் கரைந்திருப்பது திரவத்தில்தானே! 60 முதல் 65 டிகிரியில் சிறப்பாக வேலை செய்து, ஈஸ்ட் எளிதில் உண்ணும் மால்டோஸைத் தரும் பீட்டா அமைலேஸ் என்னும் நொதி, அந்தச் சூட்டில் பிழைக்காது. கூடுதல் சூட்டைத் தாங்கும் ஆல்ஃபா அமைலேஸ் விட்டுவைக்கும் நீண்ட சர்க்கரைகள்தான் பியரில் பாகாக நின்றன. திரை காட்டிய 65 பொய்யல்ல. அது அந்த உணரி இருந்த இடத்தின் சூடு, அவ்வளவுதான்.

சுருள் குழாயின் வெளிவாயிலில் ஒரு டி-இணைப்பு வைத்து, உணரியை வோர்ட்டின் ஓட்டத்துக்கு நடுவே நிற்குமாறு மாற்றினேன். செலவு 22 டாலர். அதன் பிறகு எந்த வோர்ட்டும் நான் கேட்ட சூட்டை ஒரு டிகிரிக்கு மேல் தாண்டியதில்லை. ஊறலின் நடுப்பகுதி மெதுவாக, பத்துப் பதினைந்து நிமிடம் பின்தங்கி வந்து சேர்ந்துகொள்கிறது, அதனால் கெடுதல் இல்லை. நான் பயன்படுத்தும் டி.எஸ்.18பி20 உணரி மலிவானது, அரை டிகிரிப் பிழைக்கு இடமுள்ளது. வாங்கிய மூன்றும் ஒரே ஐஸ் நீரில் மூன்று விதமாகக் காட்டின. வேறுபாட்டைக் குறித்து மென்பொருளில் திருத்தம் கொடுத்துவிட்டால் போதும். விலையுயர்ந்த உணரியைத் தவறான இடத்தில் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கிராஃப்ட்பியர்பை ஜெர்மனியில் உருவான திறந்தமூல மென்பொருள், விலை கிடையாது. வைஃபை வழியாக எந்தக் கைப்பேசியின் உலாவியிலும் திறக்கலாம். அண்டா, உணரி, பம்பு ஆகியவற்றின் படங்களை இழுத்து வைத்து நம் ஸ்டாண்டின் வரைபடத்தைத் திரையில் நாமே அமைத்துக்கொள்ளலாம். இந்தச் சூட்டில் இத்தனை நிமிடம், பிறகு 76 டிகிரி, பிறகு கொதி என்று படிகளை வரிசைப்படுத்தலாம். பியர்எக்ஸ்எம்எல் வடிவில் உள்ள செய்முறைகளை ஏற்றிக்கொள்ளலாம். பழைய 3ஆம் பதிப்பைவிட 4ஆம் பதிப்பின் அமைப்பு சீராக இருக்கிறது. லினக்ஸ் கட்டளைகளைக் கண்டு அஞ்சுவோருக்கு இது ஏற்றதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்: சூடு இலக்கைத் தாண்டாமல் சூடேற்றியை அளந்து இயக்கும் பி.ஐ.டி. கணக்கீட்டைத் தனிச் செருகுநிரலாக நிறுவ வேண்டும், அதன் மூன்று எண்களைப் பொறுமையாகச் சோதித்துப் பொருத்த வேண்டும், ஐயம் வந்தால் அழைக்க வாடிக்கையாளர் சேவை எண் எதுவும் கிடையாது. முதல் முறை கொதிப்படியின் இலக்கை 100 டிகிரி என்று வைத்துவிட்டுக் காத்திருந்தேன், உணரி 99.1க்கு மேல் ஏறவே இல்லை, அடுத்த படியும் தொடங்கவில்லை. கடல்மட்டத்திலிருந்து உயரம் கூடக்கூட நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்ற பள்ளிப் பாடத்தை மறந்தது என் பிழை. உயரமான டென்வர் நகரத்தில் இருப்பவர் 94ஐ வைக்க வேண்டியிருக்கும். உண்மையில் கொதிக்கும் நீருக்குச் சூட்டுக் கட்டுப்பாடே தேவையில்லை. சூடேற்றியை அதன் திறனில் 65 விழுக்காட்டில் நிறுத்தி வைத்தால் கொதி நிதானமாக நடக்கிறது.

வால்வுகளையும் தானியங்கியாக்கும் ஆசையில் மின்காந்தத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வுகள் நான்கு வாங்கினேன். அந்த 140 டாலரைத் தண்டம் என்றே எழுதி வைத்திருக்கிறேன். குறுகிய துளையில் பார்லி உமி இரண்டாவது முறையே அடைத்துக்கொண்டது. வாங்கிய கடை, திறந்த பொட்டலத்தைத் திரும்பப் பெற மறுத்துவிட்டது. மோட்டார் வைத்த பந்து வால்வுகள் அடைத்துக்கொள்வதில்லை, ஆனால் அவற்றின் விலைக்கு நான்கு கைப்பிடிகளைத் திருகும் சிரமம் ஒரு சிரமமே அல்ல. மேலும், வோர்ட்டை வடிக்கும்போது வேகம் கூடினால் தானியப் படுகை இறுகி ஓட்டம் நின்றுவிடும். அந்தப் பதத்தைக் கண்ணும் கையும்தான் அறியும்.

ஸ்டாண்டு, பம்புகள், மின்பெட்டி, சுருள் குழாய், கணினி, எலெக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1700 டாலர் ஆயிற்று. ஓஹையோவின் டொலீடோ நகரத்தில் சாப்கோ நிறுவனம் உருவாக்கிய பிரூ-மேஜிக் போன்ற ஆயத்த ஸ்டாண்டுகளோடு ஒப்பிட்டால் இது குறைவு. டாக்ஃபிஷ் ஹெட் மதுக்கூடம் 1995இல் டெலவேரில் தொடங்கியபோது சாப்கோவின் சிறு அமைப்பில்தான் காய்ச்சியது என்பதால், அவற்றின் தரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பழுதுபார்க்கும் பொழுதை வேலையாக நினைப்பவர்கள் கிரெயின்ஃபாதர் போன்ற ஒற்றைப் பாத்திரக் கருவியை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

நான் முன்னதாக எண்ணிப் பார்க்காதது ஆவி. எரிவாயு இருந்தவரை நச்சுப்புகைக்கு அஞ்சிக் கொட்டகைக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். மின்சாரம் வந்ததும் சனவரிக் குளிரில் கதவை மூடிக்கொண்டு காய்ச்சினேன். ஒரு மணி நேரக் கொதியில் ஐந்து லிட்டர் நீர் ஆவியாகி, கூரையில் படிந்து, சொட்டுச் சொட்டாக மின்பெட்டியின் மேல் விழுந்தது. பெட்டியைப் பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டேன். இந்தக் குளிர்காலத்துக்குள் கொதி அண்டாவுக்கு மேல் ஒரு தகரக் கூம்பும் வெளியேற்று விசிறியும் பொருத்தியாக வேண்டும். ஸ்டாண்டிலிருந்து அறுத்தெடுத்த மேலடுக்குச் சட்டங்கள் அதற்குத் தாங்கியாகும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.