வேஸ்ட் காப்பியைக் கிழித்துப் போடும் ஜெராக்ஸ் கடை

எங்கள் ஊர்க் கோர்ட்டு வாசலில் ஜெராக்ஸ் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. குடும்ப வழக்குகள் பார்க்கும் சீனியரிடம் ஜூனியராக இருப்பதால் எல்லாக் கடையிலும் கால் கடுக்க நின்றிருக்கிறேன். இப்போது ஒரே கடைக்குத்தான் போகிறேன். பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம்மா, இருக்கிற கூட்டமே சமாளிக்க முடியலை" என்றார் கடைக்கார அண்ணன். ஆகவே பெயர் இல்லை.

ஒரு பக்கம் இரண்டு ரூபாய், முன்பின் அடித்தால் மூன்று. லீகல் சைஸ் தாள் தீர்ந்துபோய் நான் பார்த்ததில்லை. ஸ்பைரல் பைண்டிங் சுமார்தான். கட்டு தடியாக இருந்தால் வேறு கடை பாருங்கள். கோர்ட்டு கூடும் நேரத்தில் போனால் வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள்.

நான் அங்கே போவதற்குக் காரணம் வேறு. வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பிரிண்ட் எடுத்ததும் திரையை நம் பக்கம் திருப்பி, நம் கண் முன்னாலேயே ஃபைலை அழிப்பார். கோணலாக விழுந்த காப்பியை நம் கையில் கொடுப்பார், இல்லையென்றால் நாலாகக் கிழிப்பார். யாராவது கண்ணாடி மேல் மறந்துவிட்டுப் போன ஒரிஜினலைக் கவிழ்த்துத்தான் எடுத்து வைப்பார். வேறொரு கடையில் என் பில்லை ஒரு தாளின் பின்பக்கத்தில் கூட்டிக் கொடுத்தார்கள். திருப்பினால், யாரோ ஒரு பெண்ணின் கருத்தரிப்பு சிகிச்சை ரிப்போர்ட், பெயர் வயதோடு.

இந்து திருமணச் சட்டம் 22ஆம் பிரிவின்படி விவாகரத்து போன்ற வழக்குகளை மூடிய அறையில்தான் நடத்த வேண்டும். விவரங்களை அச்சிட்டு வெளியிடுவதும் குற்றம். உள்ளே நீதிபதி கதவைச் சாத்தச் சொல்கிறார், வெளியே அதே காகிதம் அட்டைப் பெட்டியில் கிடக்கிறது.

"நீங்களே கொடுத்த பேப்பர்தானே, அப்புறம் என்ன ரகசியம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1976இல் மில்லர் வழக்கில் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது: வங்கியிடம் போன ஆவணத்தில் வாடிக்கையாளருக்கு அந்தரங்க உரிமை கிடையாது. நம் உச்ச நீதிமன்றம் 2004இல் கனரா வங்கி வழக்கில் அந்த வழியில் போகவில்லை. அந்தரங்கம் ஆளைச் சேர்ந்தது, இடத்தைச் சேர்ந்ததல்ல; ஒரு காரியத்துக்காகக் கொடுத்த காகிதம் கைமாறியதாலேயே அந்த உரிமை போய்விடாது என்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட நெருக்கமானது இந்த கனரா வங்கித் தீர்ப்பு. ஜெராக்ஸ் கடை வரைக்கும் இறங்கி வருகிற தர்க்கம் அதில்தான் இருக்கிறது.

இதற்கு எல்லையும் உண்டு. ஆட்டோ சங்கரின் சுயசரிதை தொடர்பாக நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில், 1994இல், தன்னைத் தன் பாட்டுக்கு விடச் சொல்லும் உரிமையை ஏற்ற அதே தீர்ப்பு, கோர்ட்டு ஆவணங்கள் போன்ற பொதுப் பதிவேட்டில் ஏறியதைப் பற்றி எழுதலாம் என்றும் சொன்னது. பாலியல் குற்றம், கடத்தல் போன்றவற்றுக்கு ஆளான பெண்ணின் அடையாளத்துக்கு மட்டும் விலக்கு.

சரி, அந்த வேஸ்ட் காப்பிக்கு எந்தச் சட்டம் காவல்? 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் டிஜிட்டல் தரவுக்கு மட்டும்தான். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு ஒன்றரை வருட அவகாசம் வேறு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஃபைல் அதற்குள் வரும். குப்பையில் விழுந்த தாள் வராது. அண்ணன் கிழிப்பது சட்டத்துக்குப் பயந்து அல்ல. அவர் தங்கை கேஸும் இதே கோர்ட்டில் நடந்ததாம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது கேமராவுக்காக. திருட்டுப் பயத்தில் மாட்டியது நேராக மெஷின் கண்ணாடியையே பார்க்கிறது. வைக்கிற ஒவ்வொரு தாளும் அதில் பதிவாகும். கல்லாப் பக்கம் திருப்பச் சொன்னேன். "ஆள் வர்றேன்னிருக்கான்மா" என்கிறார். அதுவரை தாளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போய் நீங்களே கண்ணாடியில் வையுங்கள், அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார்.