பெல்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: மன்னார்குடி பக்கம் அடிச்சக்கர வேலைக்கு ஒரு பட்டறை

எங்களிடம் டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட் வைத்த நெல் அறுவடை வண்டி ஒன்று இருக்கிறது. ஓட்டுவது தம்பி. வேலை பிடிப்பது, கணக்கு, சாமான் வாங்குவது எல்லாம் நான். மன்னார்குடி தாண்டித் திருத்துறைப்பூண்டி சாலையில் உள்ள ஒரு தகரக் கொட்டகைப் பட்டறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் தேய்ந்த ரப்பர் பெல்ட்டுகள் அடுக்கிக் கிடக்கும், அதுதான் அடையாளம். பெல்ட்டும் அதைத் தாங்கும் சக்கரங்களும் மட்டும்தான் இங்கே வேலை. இன்ஜின், கதிரடிக்கும் டிரம் பக்கமெல்லாம் போக மாட்டார்கள்.

எங்கள் வண்டிக்கு இடது பெல்ட்தான் தொல்லை. வரப்போரம் திருப்பினால் கழன்றுவிடும். டயர் வண்டி இறங்க முடியாத வயலுக்குத்தான் நம்மைக் கூப்பிடுவார்கள். தை பிறந்தும் மழை விடாத வருஷம் என்றால் நம் களிமண் எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சேற்றில் ஜாக்கி வைக்கப் பலகை போட்டு, கடப்பாரையால் நெம்பிப் பெல்ட்டை ஏற்றுவதற்குள் அரை நாள் போய்விடும். நமக்கு நஷ்டம் மணிக்கூலி. வயல்காரருக்கோ சாய்ந்த கதிர் தண்ணீரிலேயே கிடந்து முளைவிடும், நெல்லில் ஈரம் ஏறும். கொள்முதல் நிலையத்தில் வழக்கமான வரம்பு 17 சதவீத ஈரப்பதம். வயல்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது ரொம்பக் கஷ்டம்.

இதற்கு முன்னால் காட்டிய இடத்தில் ஒரே வைத்தியம்தான்: பின்னால் இருக்கும் டென்ஷன் போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குவார்கள், காசு வாங்குவார்கள், அனுப்பிவிடுவார்கள். கொஞ்ச நாள் ஓடும், மறுபடியும் கழலும்.

இந்தப் பட்டறை அண்ணன் ஸ்பேனரையே கையில் எடுக்கவில்லை. முதலில் தண்ணீர் அடித்து, சக்கரங்களுக்கு நடுவே இறுகிக் கிடந்த களிமண்ணை முழுக்க எடுக்கச் சொன்னார். மண்ணோடு அளந்தால் பெல்ட் இறுக்கமாக இருப்பதுபோல் காட்டும், அந்த அளவு பொய் என்றார். அப்புறம் வண்டியைத் தூக்கிப் பெல்ட்டைத் தரையிலிருந்து விடுவித்து, உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே வரிசையாக இருக்கும் கட்டைகளில் ஒரு பக்கம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தது. “சக்கரம் சாய்ஞ்சு ஓடுது தங்கச்சி” என்று சொல்லிவிட்டு, பின்பக்கத்து ஐட்லர் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். நன்றாகவே ஆடியது. கழற்றியதும் பேரிங்கிலிருந்து சேறும் கிரீஸும் கலந்த சாந்துதான் வந்தது.

காரணத்தை அவர் விளக்கினதுதான் எனக்கு இன்றுவரை பயன்படுகிறது. முன்னால் இருக்கும் ஸ்ப்ராக்கெட், அதாவது பல் சக்கரம், பெல்ட்டை இழுக்கிறது. கீழ் ரோலர்கள் வண்டியின் எடையைத் தாங்குகின்றன. பின் ஐட்லர் பெல்ட்டை விறைப்பாகப் பிடித்துக்கொள்கிறது. போல்ட்டை இறுக்கினால் இந்த ஐட்லர் பின்னால் தள்ளப்படும். அளவுக்கு மேல் இறுக்கினால் அந்த இழுப்பு முழுக்க ஐட்லர் பேரிங்கிலும் ஸ்ப்ராக்கெட் பல்லிலும் விழும். பேரிங் ஆட ஆரம்பித்ததும் ஆயில் சீல் போய்விடும், சேறு உள்ளே இறங்கும். சக்கரம் சாயும், பெல்ட் கழலும். கழலுகிறதே என்று திரும்பவும் இறுக்குவோம். எங்கள் வண்டியில் நடந்தது இதேதான். தொளதொளவென்று விட்டாலும் ஆபத்து: ஸ்ப்ராக்கெட் பல் நழுவும், திரும்பும்போது பெல்ட் ஒதுங்கிக் கழலும்.

பேரிங், சீல், புஷ் மூன்றையும் மாற்றினார். ஐட்லரைத் தாங்கும் கை சட்டத்துக்குள் துருப்பிடித்துச் சிக்கியிருந்தது, அதையும் இழுத்துச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தார். நடு ரோலருக்கும் பெல்ட்டுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து, வண்டிப் புத்தகத்தில் போட்ட அளவுக்குக் கொண்டுவந்தார். பெல்ட்டை முன்னும் பின்னும் ஓடவிட்டு இன்னொரு தடவை அளந்த பிறகுதான் லாக் நட்டை இறுக்கினார். கூலி ரூ.3,500, சாமான் தனி. சம்பா முழுக்க ஓட்டினோம். இடது பெல்ட் கழலவே இல்லை.

பெல்ட் விஷயத்திலும் நேர்மை. பல் கொக்கியாகத் தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புது பெல்ட் போடக் கேட்டால் மறுத்துவிடுகிறார், அது புது பெல்ட்டைத் தின்றுவிடுமாம். பெல்ட் வாங்கும்போது உள்பக்க எண்ணைப் படிக்கவும் சொல்லிக்கொடுத்தார். 450 x 90 x 51 என்றிருந்தால் அகலம் 450 மில்லிமீட்டர், ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் 90, மொத்தம் 51 கட்டை. மூன்றும் பொருந்த வேண்டும். கம்பெனி சாமானா லோக்கல் சாமானா என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

நான் போனபோது மண் அள்ளும் ஹிட்டாச்சி ஒன்றும் நின்றது. அதில் இறுக்கப் போல்ட் கிடையாது, நிப்பிள் வழியாகக் கிரீஸ் அடித்தால் உள்ளே பிஸ்டன் ஐட்லரைத் தள்ளும். கல் சிக்கினால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ஸ்பிரிங் இருக்கும். தளர்த்தும்போது வால்வை மெல்லத்தான் திறக்க வேண்டும், முழுக்கக் கழற்றிவிட்டால் அழுத்தத்தில் பீறிடும் கிரீஸ் தோலைக் கிழித்துக்கொண்டு போகும். உதவிக்கு நிற்கும் பையனை முகத்தை நேராகக் காட்டாதே என்று அவர் அதட்டியது எனக்குப் பிடித்தது.

குறைகளும் உண்டு. வயலுக்கு வந்து பார்க்க மாட்டார், வண்டியை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். வாய்க்கால் மதகு குறுகல், நீள டிரெய்லர் திரும்பாது. பில் கையெழுத்தில்தான். உட்காரக்கூட இடம் கிடையாது, பெண்கள் போனால் கழிப்பறைக்கு ரொம்ப சிரமம். அதை அவரிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

போகும் நேரம் முக்கியம். சித்திரை, வைகாசியில் தூர்வாரும் ஹிட்டாச்சிகள் நிறைந்திருக்கும், ஜூன் 12 மேட்டூர்த் தண்ணீருக்குள் அவர்கள் வேலையை முடிக்க வேண்டுமே. பொங்கல் கழிந்தால் ஆத்தூர், சேலம் பக்கத்து அறுவடை வண்டிகளின் வரிசை. ஐப்பசி கடைசியில், குறுவை அறுப்பு முடிந்த கையோடு போனால் அன்றைக்கே பார்த்து அனுப்புகிறார். வண்டிப் புத்தகத்தையும் பழைய பெல்ட் எண்ணையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.